ஓவியர் பக்கமா, வாங்குபவர் பக்கமா? ஆர்ட் கேலரி தொழில் எப்படி நடக்கிறது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் இளம் ஓவியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் ஐடி வேலை பார்க்கும் ஒருவருக்கு இன்ஸ்டாகிராமில் அவருடைய ஓவியம் பிடித்துப்போகிறது. "இது என்ன விலைங்க?" என்று மெசேஜ் போகிறது. ஓவியர் யோசிக்கிறார். கூடுதலா சொன்னா ஆள் ஓடிடுவார், குறைச்சு சொன்னா மூணு மாச உழைப்பு வீண். வாங்குபவருக்கும் அதே தயக்கம்தான். 40,000 ரூபாய் என்றால் அது நியாயமா, ஏமாற்றா? யாரைக் கேட்பது?

இந்த இரண்டு தயக்கங்களுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆர்ட் கேலரி. ஒரு பக்கம் ஓவியருக்காக விலை பேசுகிறது. மறுபக்கம், எதை வாங்கலாம் என்று வாங்குபவருக்கு ஆலோசனை சொல்கிறது. ஒரே ஆள் இரண்டு பேருக்கும் வேலை செய்தால் அவர் யாருடைய ஆள்? இந்தத் தொழிலின் லாபம், சட்டம், நம்பிக்கை மூன்றும் இந்தக் கேள்வியில் வந்து முடிகின்றன.

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் இருக்கும் ஓவியர்களையும், கோவை, தேனி பக்கம் இருக்கும் வாங்குபவர்களையும் மனதில் வைத்து, இந்தத் தொழில் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

கேலரி என்பது ஓவியக் கடைதானே?

முழுக்க அப்படி இல்லை. 'கேலரி' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, வாடகை அரங்கு. ஓவியர் வாடகை கட்டி, சில நாட்கள் தன் ஓவியங்களை மாட்டுவார். கேரள லலித கலா அகாடமியின் எர்ணாகுளம் தர்பார் ஹால் போன்ற பொது அரங்குகள் இந்த வகைக்கு நெருக்கமானவை. கண்காட்சி முடிந்தால் உறவும் முடிந்தது.

இரண்டாவது, விற்பனைக் கடை. யார் கொண்டுவந்தாலும் பிடித்திருந்தால் மாட்டுவார்கள். விற்றால் கமிஷன்.

மூன்றாவது, பிரதிநிதித்துவ கேலரி. இது பத்துப் பதினைந்து கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகள் அவர்களுடன் பயணிக்கும். கண்காட்சி வைப்பது, கேட்லாக் போடுவது, கலை விமர்சகர்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் அறிமுகம் செய்வது, டெல்லியில் 2008 முதல் நடக்கும் இந்தியா ஆர்ட் ஃபேர் போன்ற சந்தைகளுக்குக் கொண்டுபோவது எல்லாம் அதன் பொறுப்பு. நாம் பேசப்போவது இந்த மூன்றாவது வகையைப் பற்றி.

2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலேயை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. பினாலே ஒரு காட்சி. அங்கே விலைச்சீட்டு இருக்காது. ஆனால் அங்கே ஒருவரின் படைப்பு இடம்பெற்றால், வெளியே அவருடைய விலையும் மதிப்பும் மாறும். அந்த மாற்றத்தைக் கையாள்வது கேலரியின் வேலை.

இந்த எல்லைப்பகுதிக்கும் ஓவியச் சந்தைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு பழையது. நவீன ஓவியத்தில் தென்னிந்தியாவின் பெரிய பெயர்களில் ஒருவரான கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். மலையாளக் குடும்பம், வாழ்க்கை பெரும்பாலும் சென்னையில். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவரிடம் கேரளத்திலிருந்து பலர் படிக்க வந்தார்கள்.

பாலக்காடு மாவட்டம் குமரநெல்லூரில் 1939-ல் பிறந்த அக்கித்தம் நாராயணன் அவர்களில் ஒருவர். கவிஞர் அக்கித்தம் அச்சுதன் நம்பூதிரியின் தம்பி. சென்னையில் படித்து, 1967-ல் பாரிஸ் போனவர் அங்கேயே ஓவியராக நிலைத்தார். மலம்புழா அணைப் பூங்காவில் 1969-ல் 'யட்சி' சிலையைச் செய்த கானாயி குஞ்ஞிராமனும் சென்னையில் பணிக்கரிடம் படித்தவர்தான்.

அப்போது அவர்களுக்கு இல்லாத ஒன்று, தங்கள் ஓவியங்களைத் தொடர்ந்து விற்றுக்கொடுக்கும் ஆள். அதனால் பணிக்கரும் நண்பர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கலைஞர்கள் பாத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர்கள் கிராமத்தை உருவாக்கினார்கள். பகலில் சம்பாத்தியத்துக்குக் கைவினை, மீதி நேரத்தில் ஓவியம்.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு இழப்பும் இருக்கிறது. ஓவியம் விற்றுத்தர ஆள் இருந்திருந்தால், பாத்திக் போட்ட நேரமும் ஓவியத்துக்குப் போயிருக்கும். நல்ல கேலரி கலைஞருக்கு வாங்கிக் கொடுப்பது அந்த நேரத்தைத்தான்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

நம்ம ஊரில் பல கேலரி உறவுகள் இன்றும் வாய்வார்த்தையில்தான் நடக்கின்றன. "அண்ணே, நீங்க பார்த்துக்கோங்க" என்று முப்பது ஓவியங்களை விட்டுவிட்டு வருவார்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை விற்றது, எத்தனை மிச்சம், ஃப்ரேம் உடைந்தது யார் தலையில் என்று சண்டை வரும். இரண்டு பக்கத் தாளில் இவற்றை எழுதிவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்:

- எந்தெந்த ஓவியங்கள் கேலரியிடம் உள்ளன? தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு, விலை, புகைப்படத்துடன் பட்டியல்.
- ஓவியத்தின் உரிமையாளர் யார்? விற்கும்வரை அது ஓவியருடையது என்று தெளிவாக எழுத வேண்டும். கேலரி கடனில் மூழ்கினாலும் ஓவியம் தப்பிக்க இந்த ஒரு வரி உதவும்.
- கமிஷன் எவ்வளவு? பொதுவாக விற்பனை விலையில் 30 முதல் 50 சதவீதம் வரை பேசப்படுகிறது.
- ஸ்டுடியோவில் ஓவியரே நேரடியாக விற்றால் கேலரிக்குப் பங்கு உண்டா?
- கேலரியின் உரிமை எந்த எல்லைக்குள்? கேரளம், தமிழ்நாடு மட்டுமா, நாடு முழுவதுமா?
- தள்ளுபடி கொடுத்தால் யார் கணக்கில்?
- விற்ற எத்தனை நாளில் ஓவியருக்குப் பணம் வரும்?
- போக்குவரத்து, இன்சூரன்ஸ், ஃப்ரேம் செலவு யாருடையது?
- பிரிய வேண்டுமென்றால் எத்தனை மாத நோட்டீஸ்?

இதில் முக்கியமானது பணம் வரும் நாள். வாங்குபவர் கொடுத்த பணத்தில் கேலரி வாடகை கட்டிவிட்டு, அடுத்த விற்பனை வரும்போது ஓவியருக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பது இந்தத் தொழிலில் வழக்கமான சரிவு. ஓவியர்களின் பங்கைத் தனி வங்கிக் கணக்கில் வைப்பது எளிமையான மருந்து.

விலை எப்படி முடிவாகிறது?

புதிய ஓவியர்களுக்குப் பல கேலரிகள் அளவை வைத்துத்தான் விலை போடுகின்றன. உதாரணமாக, 24 அங்குலம் அகலம், 36 அங்குலம் உயரம் கொண்ட ஓவியம் 864 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 60 ரூபாய் என்று வைத்தால் 51,840 ரூபாய். அதை 52,000 என்று முழுமைப்படுத்துவார்கள். 'என்னங்க, கலையை நிலம் மாதிரி அளக்கறீங்க' என்று தோன்றலாம். ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. 'எனக்கு இந்தப் படம்தான் ரொம்பப் பிடிக்கும்' என்பதற்காக ஓவியர் ஒன்றுக்கு மட்டும் மூன்று மடங்கு விலை சொல்வது நிற்கிறது. வாங்குபவருக்கும் கணக்கு புரிகிறது.

அடுத்த விதி இன்னும் கண்டிப்பானது. ஒரே ஓவியரின் விலை கொச்சியில் ஒன்று, கோவையில் ஒன்று, ஸ்டுடியோவில் ஒன்று என்று இருக்கக் கூடாது. கேலரியில் 52,000-க்கு வாங்கியவர், ஓவியரின் வீட்டில் அதே அளவு ஓவியம் 25,000-க்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் அவர் திரும்பி வரமாட்டார். நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

விலையை ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். ஒரு கண்காட்சியில் எல்லாம் விற்றுவிட்டது என்று ஒரே தாவலில் இரட்டிப்பாக்கினால், அடுத்த ஆண்டு விற்காதபோது இறக்க வேண்டி வரும். இறக்கினால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு நஷ்டம். அதனால்தான் அனுபவமுள்ள கேலரிகள் சிறு சிறு படிகளாக ஏற்றுகின்றன.

பணம் எப்படிப் பிரிகிறது? ஒரு கணக்கு

ஒரு லட்ச ரூபாய் ஓவியம், கமிஷன் 40 சதவீதம் என்று கொள்வோம். ஓவியருக்கு 60,000, கேலரிக்கு 40,000.

வாங்குபவர் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். விலை 90,000 ஆகிறது. தள்ளுபடியை இருவரும் பகிர்ந்தால் ஓவியருக்கு 54,000, கேலரிக்கு 36,000. கேலரி மட்டும் ஏற்றால் ஓவியருக்கு அதே 60,000, கேலரிக்கு 30,000. வெறும் 'பத்து பர்சென்ட்'தான், ஆனால் கேலரியின் பங்கில் கால்வாசி போய்விட்டது.

சரி, 40 சதவீதம் அதிகமில்லையா? கேலரியின் பக்கத்திலிருந்தும் கணக்குப் போடுவோம். வாடகை, மின்சாரம், இரண்டு பேர் சம்பளம், கேட்லாக், போட்டோகிராபர், திறப்பு விழா டீ-பிஸ்கட் எல்லாம் சேர்த்து மாதம் 1.5 லட்சம் செலவு என்றால், அதை ஈடுகட்டவே மாதம் 3.75 லட்சத்துக்கு ஓவியம் விற்க வேண்டும். ஆண்டுக்கு 45 லட்சம். லாபம் இன்னும் தொடங்கவே இல்லை.

அதனால் கேலரிகள் வேறு வருமானத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. ஃபோர்ட் கொச்சியில் 1997-ல் அனூப் ஸ்கரியாவும் டாரி யங்கரும் தொடங்கிய காஷி ஆர்ட் கேலரி, ஒரு கஃபேயுடன் சேர்ந்தே வளர்ந்தது. காபி குடிக்க வந்தவர் ஓவியம் பார்ப்பார். பாலக்காட்டிலோ மூணாறிலோ தொடங்க நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

வாளையாரைத் தாண்டும் ஓவியம்: வரி எப்படி?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வாளையார் விற்பனை வரிச் சோதனைச்சாவடி பழைய கதையாகிவிட்டது. லாரிகளின் நீண்ட வரிசை குறைந்தது, ஆனால் தாள் வேலை குறையவில்லை.

கையால் வரைந்த ஓவியம், அசல் சிற்பம் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். மேலே சொன்ன 90,000 ரூபாய் ஓவியத்துக்கு வரி 4,500, ஆக வாங்குபவர் கொடுப்பது 94,500. முன்பு இது 1,00,800 ஆக இருந்திருக்கும்.

ஆனால் ரசீதை ஓவியரே போட்டு, கேலரி கமிஷன் மட்டும் வாங்கினால், அந்தக் கமிஷன் ஒரு சேவை. அதற்கு 18 சதவீதம். எனவே 'பில் யார் பெயரில்?' என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

பாலக்காட்டு ஓவியர் கோவை கேலரிக்கு இருபது ஓவியங்களை அனுப்புகிறார். இன்னும் ஒன்றும் விற்கவில்லை. எல்லையைத் தாண்டியதும் வரி கட்ட வேண்டுமா? வேண்டாம். மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2017 டிசம்பரில் வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை இதற்காகவே உள்ளது. கேலரிக்குக் காட்சிக்காக அனுப்புவது விற்பனை ஆகாது. வாங்குபவர் ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் வரி வரும். அதுவரை டெலிவரி சலானும் இ-வே பில்லும் போதும். ஆனால் விற்கும்போது அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகக் கருதப்பட்டு ஐஜிஎஸ்டி வரும்.

பொருளின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். 'சொந்தக் கார்லதானே எடுத்துட்டுப் போறேன்' என்பது பதில் ஆகாது.

இன்னொரு நுணுக்கம். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்பவர், விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும் என்பது பொது விதி. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு நிபந்தனைகளுடன் சலுகை உண்டு. உங்கள் ஓவியம் அதில் வருமா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. கொழிஞ்சாம்பாறை ஓவியருக்கு மிக அருகிலிருக்கும் பெரிய சந்தை கோவை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வேறு மாநிலம். போடிமெட்டுக்கும் குமுளிக்கும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

சேகரிப்பாளருக்கு ஆலோசனை என்றால் என்ன?

இந்தத் தொழிலில் 'கலெக்டர்' என்றால் மாவட்ட ஆட்சியர் இல்லை, கலைப்பொருட்களைத் தொடர்ந்து வாங்கிச் சேர்ப்பவர். கோவையின் மில் குடும்பங்கள், டாக்டர்கள், மூணாறு, தேக்கடி ரிசார்ட் உரிமையாளர்கள், முதல் வீடு வாங்கிய ஐடி தம்பதி என்று யாராகவும் இருக்கலாம்.

ஆலோசகர் மூன்று விதமாகக் கட்டணம் வாங்குவார். ஒரு வேலைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை, வாங்கிய விலையில் ஒரு சதவீதம், அல்லது மாதக் கட்டணம். அதற்கு அவர் செய்ய வேண்டியவை: பட்ஜெட்டையும் ரசனையையும் கேட்டறிவது, ஓவியத்தின் அசல்தன்மையையும் கைமாறிய வரலாற்றையும் சரிபார்ப்பது, விலையை ஒப்பிடுவது, நிலையைப் பரிசோதிப்பது, இன்சூரன்ஸ், பராமரிப்பு சொல்லித்தருவது.

சில நேரம் அவருடைய மிகச் சிறந்த ஆலோசனை 'வாங்காதீங்க' என்பதாக இருக்கும். ஓர் உதாரணம். பாலக்காட்டு அக்ரஹாரத்துப் பழைய வீடுகளிலும் தமிழ்நாட்டுப் பழைய வீடுகளிலும் 'ரவிவர்மா படம்' என்று ஒன்று தொங்கும். அவற்றில் பெரும்பாலானவை கையால் வரைந்த ஓவியங்கள் அல்ல. 1894-ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் வண்ண அச்சுப் படங்கள், அல்லது அவற்றைப் பார்த்துப் பிறகு அச்சிட்டவை. பழைய அச்சுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அசல் ஓவியத்தின் விலை அதற்குக் கிடையாது.

அசலே கிடைத்தாலும் இன்னொரு சட்டம் காத்திருக்கிறது. ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது கலைஞர்களின் படைப்புகள் தேசியக் கலைப் பொக்கிஷங்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்குள் வாங்கலாம், விற்கலாம். துபாயிலிருக்கும் மகன் வீட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

வரலாறு தெரியாத ஓவியத்தை வாங்குவது எவ்வளவு ஆபத்து? நியூயார்க்கில் 1846 முதல் இயங்கிய நோட்லர் கேலரி, மார்க் ராத்கோ போன்றவர்களின் பெயரில் போலி ஓவியங்களை விற்ற விவகாரத்தில் சிக்கி 2011-ல் மூடப்பட்டது. அந்த ஓவியங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சரியான தாள் இல்லை. நூற்றைம்பது ஆண்டு நற்பெயர் அந்தத் தாளுக்கு ஈடாகவில்லை.

வாங்கிய ஓவியத்தை விற்றால் வருமான வரியும் உண்டு. வீட்டு மேசை நாற்காலி போல ஓவியத்தைச் 'சொந்த உபயோகப் பொருள்' என்று சட்டம் விட்டுவிடுவதில்லை. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால், 2024 ஜூலை மாற்றத்துக்குப் பிறகு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி. அதனால் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்படியானால் கேலரி யாருடைய ஆள்?

தொடங்கிய கேள்விக்கே வருவோம். பிரதிநிதித்துவ கேலரி ஓவியருக்காக அதிக விலை கேட்க வேண்டும். ஆலோசகர் வாங்குபவருக்காகக் குறைந்த விலை கேட்க வேண்டும். ஒரே ஆள் இரண்டும் செய்தால், அந்த 52,000 ரூபாய் ஓவியத்தைப் பற்றி அவர் சொல்லும் "நல்ல விலைங்க" யாருக்கு நல்லது?

உலக அளவில் இதன் மிகப் பெரிய உதாரணம் ரஷ்யக் கோடீஸ்வரர் டிமித்ரி ரைபோலோவ்லேவுக்கும் சுவிஸ் கலை வணிகர் ஈவ் பூவியேவுக்கும் நடந்த வழக்குகள். 38 படைப்புகளைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கிய ரைபோலோவ்லேவ், பூவியே தன் ஏஜென்ட் என்று நம்பியதாகவும், அவர் குறைந்த விலைக்கு வாங்கித் தன்னிடம் பெரும் லாபத்துக்கு விற்றதாகவும் குற்றம்சாட்டினார். 'நான் ஏஜென்ட் இல்லை, தனி வியாபாரி. எந்த விலைக்கும் விற்க எனக்கு உரிமை உண்டு' என்பது பூவியேவின் வாதம். பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் நடந்த சண்டை 2023-ல் சமரசத்தில் முடிந்தது. சண்டையின் வேர் ஒன்றுதான்: இவர் யாருக்கு வேலை செய்கிறார் என்பது இருவருக்கும் ஒரே மாதிரி புரியும்படி எழுதப்படவில்லை.

சிறிய ஊரில் இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள் கிடைப்பது கஷ்டம். கேலரி நடத்துபவரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு நடைமுறையில் மூன்று விதிகள் போதும்.

ஒன்று, தான் பிரதிநிதித்துவம் செய்யும் ஓவியரின் படைப்பைப் பரிந்துரைக்கும்போது, 'இவர் எங்கள் ஓவியர், இதில் எனக்குக் கமிஷன் உண்டு' என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ் ஆனாலும் சரி.

இரண்டு, ஒரே விற்பனையில் ஓவியரிடம் கமிஷனும் வாங்குபவரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஏதாவது ஒன்றுதான்.

மூன்று, தன் கேலரியில் இல்லாத ஓவியர்களையும் பட்டியலில் காட்ட வேண்டும். நான்கு பரிந்துரையில் நான்கும் சொந்தச் சரக்கு என்றால் அதற்குப் பெயர் ஆலோசனை இல்லை, விற்பனை.

ஓவியத்தை வாங்கிவிட்டேன், இனி எல்லாம் என்னுடையதுதானே?

சுவரில் தொங்கும் பொருள் உங்களுடையது. காப்புரிமை ஓவியருடையது. ரிசார்ட்டில் மாட்டிய ஓவியத்தை மெனு கார்டிலோ விளம்பரத்திலோ அச்சிட, ஓவியரின் அனுமதி வேண்டும். மலம்புழா யட்சி போலப் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. சுவரோவியத்துக்கும் சட்டகம் போட்ட ஓவியத்துக்கும் அந்தச் சலுகை இல்லை.

இதில் ஓவியர்கள் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. நீங்களாக வரைந்து விற்றால் காப்புரிமை உங்களுடையது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து 'இதை வரைந்து கொடுங்கள்' என்று கேட்டு வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமை அவருக்குப் போகிறது. ரிசார்ட் ஆர்டர் வரும்போது ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கியவர் படைப்பைச் சிதைக்கவும் முடியாது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அகற்றிச் சேதப்படுத்தியதாக அமர்நாத் சேகல் மத்திய அரசு மீது வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவும் சொன்னது.

மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு உண்டா? காப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் ஓவியத்தில் அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்க வழிசெய்கிறது. நடைமுறையில் இது அரிதாகவே கிடைக்கிறது. 2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்ரா' நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.38 கோடி டாலருக்கு, அதாவது ஏறக்குறைய 118 கோடி ரூபாய்க்குப் போனது. அதை 1954-ல் டெல்லியில் ஒரு மருத்துவர் வாங்கி, பிறகு ஆஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தார். ஏலச் செய்திகளைப் பார்த்து ஓவியர் பணக்காரர் ஆகிவிட்டார் என்று நினைக்கிறோம். ஓவியர் சம்பாதிப்பது பெரும்பாலும் முதல் விற்பனையில்தான். அந்த முதல் விலையை நியாயமாக வைப்பது கேலரியின் கையில் இருக்கிறது.

மலைக்கு ஒரு வானிலை, கணவாய்க்கு ஒரு வானிலை

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் ஈரம். மூணாறு, பீர்மேடு மழைக்காலத்தில் காகித ஓவியத்தில் பூஞ்சை படிய சில வாரங்கள் போதும். பாலக்காட்டில் ஏப்ரல் வெயிலும் கணவாய்க் காற்றும் சேர்ந்து மரச்சட்டத்தை முறுக்கும். அதே ஓவியம் கோவைக்கு வந்து ஏசி அறையில் தொங்கினால் மூன்றாவது அதிர்ச்சி.

ஓவியங்களுக்கு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருப்பது நல்லது. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்துக்குப் பின்னால் காற்றோட இடம் விடுங்கள். காகித ஓவியத்துக்கு அமிலமற்ற அட்டை கேளுங்கள், கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. ரிசார்ட்டுகளுக்கு விற்கும் கேலரி இந்தப் பராமரிப்பையும் ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுத்தால், அது ஒரு நிலையான வருமானம்.

இங்கே ஒரு கேலரி தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் கட்டிடத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஐந்து ஓவியர்கள், ஐந்து ஒப்பந்தங்கள், ஒரு சரியான பட்டியல். ஆண்டுக்கு மூன்று கண்காட்சி: ஒன்று பாலக்காட்டில், ஒன்று கோவையில், சுற்றுலாப் பருவத்தில் ஒன்று மூணாறில். கோவை அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் போன்ற இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்குபவர்கள் திரும்பி வர ஆரம்பித்த பிறகு சொந்த இடம் பார்க்கலாம்.

மொழியும் ஒரு முதலீடு. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. இரண்டு மொழியிலும் ஓவியரைப் பற்றி எழுதவும் பேசவும் தெரிந்த ஒருவருக்கு, கொச்சியிலோ சென்னையிலோ இருக்கும் கேலரிக்கு இல்லாத வசதி இது.

ஓவியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'வித்தா எத்தனை நாள்ல பணம் வரும்?' வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இதுல உங்களுக்கு எவ்வளவு?' இரண்டு கேள்விக்கும் முகம் சுளிக்காமல், தாளில் எழுதிப் பதில் சொல்லும் கேலரி கிடைத்தால், கொழிஞ்சாம்பாறை ஓவியர் அடுத்த மூன்று மாதமும் தூரிகையைக் கீழே வைக்க வேண்டியிருக்காது.